நடுக்கடலில் ஜி.பி.எஸ். 'ஆட்டம்' காட்டுவது ஏன்? சூரியன் செய்யும் சேட்டை!

திருநெல்வேலி:

சூரியனில் புயல் அடித்தால் குமரிக் கடலில் நிற்கும் விசைப்படகின் ஜி.பி.எஸ். கருவி தடுமாறும். கேட்டால் கட்டுக்கதை மாதிரி இருக்கும். ஆனால் நூற்றுக்கு நூறு உண்மை. அதிலும் தென் தமிழகத்துக்கு மேலே இருக்கும் வானம், இந்தத் தொல்லை அதிகம் உள்ள பகுதிகளில் ஒன்று.

முன்பெல்லாம் கடலுக்குப் போனவர்கள் கரையில் தெரியும் மலை உச்சி, தேவாலய கோபுரம், கலங்கரை விளக்கம், இரவில் நட்சத்திரம் ஆகியவற்றை வைத்து இடம் கண்டுபிடித்தார்கள். இப்போது வலை விட்ட இடம், மீன் கிடைக்கும் பார், எல்லைக்கோடு, கரைக்கு திரும்பும் வழி எல்லாமே ஒரு சின்ன திரைக்குள் அடங்கி விட்டது.

கரையிலும் அதே கதைதான். கால் டாக்சி, ஆட்டோ, சாப்பாடு டெலிவரி என்று லட்சக்கணக்கானவர்கள் பிழைப்பு செல்போன் வரைபடத்தை நம்பி ஓடுகிறது. அந்தத் திரையில் தெரியும் புள்ளி எவ்வளவு நிஜம்? அதை யார் நகர்த்தி வைக்கிறார்கள்? விவரம் வருமாறு:–

பஸ் கணக்குதான்

ஜி.பி.எஸ். செயற்கை கோள்கள் பூமியில் இருந்து சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை' என்று அவை ஓயாமல் சிக்னல் அனுப்பிக் கொண்டே இருக்கும். படகில் உள்ள கருவி, சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து தூரத்தை கணக்கு போடும். குறைந்தது 4 செயற்கை கோள்களின் தூரம் தெரிந்தால், தான் நிற்கும் இடம் எது என்று கருவிக்கு தெரிந்து விடும்.

இதை நம்ம ஊர் பஸ்சை வைத்து புரிந்து கொள்ளலாம். கோவில்பட்டியில் இருந்து ஒரு பஸ் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் நிற்காமல் நெல்லைக்கு வருகிறது. 55 நிமிடத்தில் வந்தால், தூரம் 55 கிலோ மீட்டர் என்று கணக்கு சரியாக வரும். ஆனால் வழியில் கயத்தாறு பக்கம் ரோடு வேலை நடந்து, பஸ் 10 நிமிடம் தாமதமாக வந்தால்? ரோடு வேலை விஷயம் தெரியாதவர் 'கோவில்பட்டி 65 கிலோ மீட்டர்' என்று சத்தியம் செய்வார். கணக்கில் தப்பு இல்லை. வழியில்தான் தப்பு.

ஜி.பி.எஸ். சிக்னலுக்கும் இதே கதிதான். அது விநாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு விநாடியை 10 லட்சமாக பிரித்து அதில் ஒரே ஒரு பங்கு நேரம் தாமதமானாலும், தூரத்தில் 300 மீட்டர் தப்பு வந்து விடும்.

வானத்தில் ரோடு வேலை

சிக்னல் வரும் வழியில் 'ரோடு வேலை' நடக்கும் இடத்தின் பெயர் அயனி மண்டலம். பூமிக்கு மேலே சுமார் 80 கிலோ மீட்டரில் தொடங்கி ஆயிரம் கிலோ மீட்டர் வரை பரவி இருக்கிறது. சூரியனில் இருந்து வரும் புற ஊதாக்கதிரும், எக்ஸ் கதிரும் அங்குள்ள காற்றில் மோதி, அணுக்களில் இருந்து எலக்ட்ரான்களை பிய்த்து எடுக்கின்றன. இப்படி சிதறி கிடக்கும் எலக்ட்ரான் கூட்டத்துக்குள் புகுந்து வரும்போதுதான் சிக்னல் தாமதமாகிறது.

எலக்ட்ரான் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தாமதம். இரவில் வெயில் இல்லாததால் கூட்டம் குறையும். அப்போது தப்பு சில மீட்டர்தான். மதியம் கடந்ததும் கூட்டம் உச்சத்துக்கு போகும். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில், நம் பகுதியில் தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கை கோளின் தூரத்தில் கூட 15 மீட்டருக்கு மேல் தப்பு வரலாம். அடிவானத்தில் இருக்கும் செயற்கை கோளின் சிக்னல் சாய்வாக வருவதால், அதிக தூரம் எலக்ட்ரான் கூட்டத்தில் சிக்கும். அதில் தப்பு 2 மடங்கு, 3 மடங்கு ஆகும்.

'அப்படியானால் தினமும் தப்பு காட்ட வேண்டுமே?' என்று கேட்கலாம். ஜி.பி.எஸ். செயற்கை கோள்களே ஒரு திருத்த கணக்கையும் சேர்த்து அனுப்புகின்றன. 'இந்த நேரத்துக்கு, இந்த ஊருக்கு சுமாராக இவ்வளவு தாமதம் இருக்கும், கழித்துக்கொள்' என்பதுதான் அந்த கணக்கு. ஆனால் அது உத்தேச கணக்கு. சராசரியாக பாதி தப்பைத்தான் அதனால் சரி செய்ய முடியும். வானம் ஒழுங்காக இருக்கும் நாளில் அது போதும். சூரியன் கோபம் கொண்ட நாளில் போதாது.

நம்ம ஊரில் மட்டும் ஏன் அதிகம்?

பூமிக்கு நடுவில் நிலநடுக்கோடு ஓடுவது போல, காந்த நடுக்கோடு என்று ஒன்று இருக்கிறது. காந்த ஊசி மேலேயும் சாயாமல் கீழேயும் சாயாமல் படுக்கையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டி போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி இந்திய மண்ணில் இருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு காரணமே இந்தக் கோடு பக்கத்தில் இருந்ததுதான். இதே காரணத்துக்காகத்தான் இந்திய புவி காந்தவியல் நிறுவனம் நெல்லையில் ஆராய்ச்சி மையம் வைத்து இருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 105 கிலோ மீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அதற்கும் மேலே எலக்ட்ரான் கூட்டம் நீரூற்று போல உயரக் கிளம்புகிறது. உயரே போனது, காந்தக்கோடுகள் வழியாக வடக்கேயும் தெற்கேயும் சரிந்து விழுகிறது. இதனால் போபால், ஆமதாபாத், கொல்கத்தா வட்டாரத்து வானத்தில் எலக்ட்ரான் கூட்டம் குவிந்து விடுகிறது. கிளம்பும் இடம் நம் தலைக்கு மேல். குவியும் இடம் வட இந்தியா. இரண்டுக்கும் நடுவே ஊருக்கு ஊர் வித்தியாசம். ஒரே திருத்த கணக்கை எல்லா ஊருக்கும் போட்டால் சொதப்பத்தானே செய்யும்?

இருட்டியதும் கிளம்பும் குமிழி

பகலில் இந்த தொல்லை என்றால், இரவில் வேறு தொல்லை. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பக்கம் சீக்கிரம் காலியாகும். மேல் பக்கம் கனமாகவே இருக்கும். அடியில் லேசு, மேலே கனம் என்றால் நிலைக்குமா? சட்டியில் கொதிக்கும் கஞ்சியில் குமிழி கிளம்புவது போல, எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் அடியில் இருந்து பிய்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் உயரத்துக்கு எழும்பும். இதை 'பிளாஸ்மா குமிழி' என்கிறார்கள்.

இந்த குமிழிகளின் ஓரத்தில் எலக்ட்ரான் அடர்த்தி தாறுமாறாக இருக்கும். அதற்குள் சிக்கிய சிக்னல், நட்சத்திரம் மின்னுவது போல விட்டு விட்டு மின்னும். ஒரு நொடி பலம், அடுத்த நொடி பலவீனம். கருவி பிடியை விட்டு விடும். 10 செயற்கை கோள் தெரிந்த திரையில் 6 தெரியும், 5 தெரியும். நாலுக்கு கீழே போனால் கதை முடிந்தது. இடத்தை சரியாக காட்ட முடியாது. புள்ளி அப்படியே உறையும், அல்லது கன்னாபின்னா என்று குதிக்கும்.

இது பெரும்பாலும் இரவு 7 மணி, 8 மணிக்கு தொடங்கி நள்ளிரவு வாக்கில் அடங்கும். நம் பகுதியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் அதிகம் வரும். குமரி மேற்கு கடற்கரையில் மீன்பிடி தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது குமிழி கிளம்பும் மாதங்கள் எல்லாமே படகுகள் கடலில் நிற்கும் மாதங்கள். இரவு வலை விட்டு காத்திருக்கும் நேரமும், குமிழி கிளம்பும் நேரமும் ஒன்று.

சூரியன் எறியும் 3 கல்

தினசரி தொல்லை இது. சூரியன் நிஜமாகவே சீறும் நாட்களில் 3 விதமான அடி விழும்.

முதல் அடி, ஒளிவெடிப்பு. சூரியனில் கரும்புள்ளிகள் உள்ள இடத்தில் வெடிப்பு நடந்தால், அதன் எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் பூமிக்கு வந்து விடும். பகலாக இருக்கும் பாதி உலகத்தில் அயனி மண்டலம் திடீர் என்று கனக்கும். நீண்ட தூரம் பேசும் சிற்றலை ரேடியோ அப்போது செத்து விடும்.

இரண்டாவது அடி, ரேடியோ இரைச்சல். சில வெடிப்புகளில் சூரியனே ஜி.பி.எஸ். அலைவரிசையில் கத்த தொடங்கி விடும். திருவிழா ஒலிபெருக்கி பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் காதில் விழுமா? அதே கதைதான். 2006-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி இப்படி ஒரு இரைச்சல் வந்தபோது, பகலாக இருந்த பகுதிகளில் பல ஜி.பி.எஸ். கருவிகள் சிக்னலை கோட்டை விட்டன.

மூன்றாவது அடிதான் பெரிய அடி. சூரியன் தன் உடம்பில் இருந்து கோடிக்கணக்கான டன் காந்த மேகத்தை பிய்த்து எறியும். அது 1 நாள் முதல் 3 நாளில் பூமிக்கு வந்து, பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும். இதைத்தான் 'காந்தப்புயல்' என்கிறார்கள். அயனி மண்டலமே கலங்கிப்போகும். உத்தேச திருத்த கணக்கு எல்லாம் அப்போது செல்லாக்காசு.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சில காந்தப்புயல்கள் வரும் நேரத்தை பொறுத்து, இரவு குமிழிகள் கிளம்பாமல் அமுக்கி விடும். சில புயல்கள் கூடுதலாக கிளப்பி விடும். அதனால்தான் 'புயல் வந்தால் இப்படித்தான் நடக்கும்' என்று அடித்துச் சொல்வது விஞ்ஞானிகளுக்கே சிரமமாக இருக்கிறது.

டிராக்டர் நின்றது

2003-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் வந்த புயல் உலகத்தையே மிரட்டியது. அமெரிக்காவில் விமானங்களுக்கு ஜி.பி.எஸ். திருத்தம் சொல்லும் அமைப்பு, உயரத்தை நம்பிக்கையாக சொல்ல முடியாமல் அக்டோபர் 29-ந் தேதி சுமார் 15 மணி நேரமும், 30-ந் தேதி சுமார் 11 மணி நேரமும் கைவிரித்தது.

அதற்கு பிறகு அதே வலுவில் புயல் வந்தது 2024-ம் ஆண்டு மே 10-ந் தேதி. அமெரிக்காவில் அது சோளம் விதைக்கும் நேரம். அங்கு டிராக்டர்கள் ஜி.பி.எஸ். சொல்லும் கோட்டில்தான் ஓடும். புயலில் கோடு தப்பியதால் பல விவசாயிகள் விதைப்பை நிறுத்தி விட்டு காத்திருந்தார்கள். லடாக்கில் உள்ள ஹன்லேயில் வானம் சிவப்பாக ஒளிர்ந்தது.

இந்தியா அன்று தப்பித்தது. புயலின் முக்கிய அடி மே 11-ந் தேதி அதிகாலையில் விழுந்தது. அந்த நேரத்தில் நம் வானத்தில் எலக்ட்ரான் கூட்டம் முழுதாக சேர்ந்து இருக்கவில்லை. அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்று இஸ்ரோ தெரிவித்தது. அதே அடி சாயங்காலம் விழுந்து இருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

எல்லை தாண்டியதற்கும் இதுவா காரணம்?

மீனவர் ஊர்களில் எழும் கேள்வி இது. நேராக பதில் சொல்ல வேண்டும் என்றால், பெரும்பாலும் இல்லை. சூரியனால் வரும் தப்பு சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படி போட்ட எல்லைக்கோட்டை ஒரு படகு 2 கிலோ மீட்டர் தாண்டி இருந்தால், அந்த பழியை சூரியன் தலையில் கட்ட முடியாது.

ஆனால் கோட்டை ஒட்டி நிற்கும் படகுக்கு கதை வேறு. சிக்னல் விட்டு விட்டு வரும் இரவில், என்ஜினை அணைத்து விட்டு வலையோடு மிதக்கும் படகை நீரோட்டம் மணிக்கு 2 கிலோ மீட்டர் வேகத்தில் இழுத்தால், அரை மணி நேரத்தில் 1 கிலோ மீட்டர் போய் விடும். திரையில் உறைந்து நிற்கும் புள்ளியை நம்பியவருக்கு அது தெரியாது. 20 மீட்டர் தப்பு ஆழ்கடலில் ஒன்றும் இல்லை. இருட்டில் துறைமுக முகத்துவாரத்தில் நுழையும்போது, பாறைக்கும் படகுக்கும் நடுவே இருப்பதே அந்த 20 மீட்டர்தான்.

தெருவில் வழி தப்பினால்...

டெலிவரி பையனை முட்டுச்சந்தில் கொண்டு போய் நிறுத்தும் ஜி.பி.எஸ்.சுக்கு சூரியன் காரணம் இல்லை. உயரமான கட்டிட சுவர்களில் சிக்னல் முட்டி திரும்பி வருவதும், வரைபடம் பழசாக இருப்பதும்தான் காரணம். தவிர செல்போன், டவரையும் வைபையையும் சேர்த்து பார்த்து இடத்தை சரி செய்து கொள்ளும். நடுக்கடலில் டவரும் கிடையாது, வைபையும் கிடையாது. வானத்தை விட்டால் வேறு கதி இல்லை. அதனால்தான் இதில் முதலில் மாட்டுவது மீனவர்கள்.

'இன்று இரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை விண்வெளி கதிர் வருகிறது, செல்போனை அணைத்து தூரத்தில் வையுங்கள்' என்று வாட்ஸ்-அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி சுத்த புரளி. காந்தப்புயலால் செல்போன் வெடிக்காது. தரையில் இருப்பவர் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது.

தீர்வு என்ன?

தீர்வு இல்லாமல் இல்லை. முதல் தீர்வு, 2 அலைவரிசை. ஒரே செயற்கை கோள் 2 அலைவரிசையில் சிக்னல் அனுப்பினால், அயனி மண்டலத்தில் இரண்டும் வேறு வேறு அளவு தாமதமாகும். வித்தியாசத்தை பார்த்தாலே தாமதம் எவ்வளவு என்று தெரிந்து விடும். இப்போது வரும் பல செல்போன்களிலேயே இந்த வசதி இருக்கிறது. பழைய படகு கருவிகளில் இல்லை.

இரண்டாவது, பல நாட்டு செயற்கை கோள்களை சேர்த்து பார்க்கும் கருவி. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.சுடன் ரஷியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, நம் நாட்டின் நாவிக் ஆகியவற்றையும் பிடிக்கும் கருவி என்றால், குமிழி நாலைந்து சிக்னலை விழுங்கினாலும் மிச்சம் இருக்கும்.

மூன்றாவது, 'ககன்'. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய இந்த அமைப்பு, நாடு முழுவதும் 15 தரை நிலையங்களில் தாமதத்தை அளந்து, திருத்தத்தை செயற்கை கோள் வழியாக அனுப்புகிறது. நம் வானத்தின் சேட்டையை மனதில் வைத்தே இதற்கு தனி கணக்குமுறை உருவாக்கப்பட்டது. 'இப்போது என்னை நம்பாதே' என்று எச்சரிக்கவும் அதற்கு தெரியும். 2017-ம் ஆண்டு ஒகி புயலில் ஏராளமான மீனவர்களை பறிகொடுத்த பிறகு, 2019-ம் ஆண்டு 'ஜெமினி' என்ற கருவி அறிமுகம் ஆனது. ஆழ்கடலில் இருப்பவர்களுக்கு புயல், பேரலை எச்சரிக்கை அனுப்பும் அந்த கருவிக்கும் ககன் செயற்கை கோள்தான் உதவுகிறது.

நான்காவது, முன்கூட்டியே தெரிந்து கொள்வது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 100 ஆண்டுகளுக்கு மேலாக சூரியனை பார்த்து வருகிறது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் நின்று சூரியனை கவனிக்கிறது. அந்த திட்டத்தின் இயக்குனராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டையை சேர்ந்தவர். காந்த மேகம் பூமியில் மோதுவதற்கு சுமார் அரை மணி முதல் 1 மணி நேரத்துக்கு முன்பு, அந்த இடத்தை தாண்டித்தான் வர வேண்டும்.

அந்த எச்சரிக்கை ஆய்வகத்தோடு நின்று விடாமல், புயல் எச்சரிக்கை போல தமிழில், படகு வரை வந்து சேர்ந்தால்தான் மீனவருக்கு லாபம்.

மீனவர்கள் கவனிக்க வேண்டியவை

* திரையில் இடத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை செயற்கை கோள் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை திடீர் என்று குறைந்தால் உஷார்.

* படகு நிற்கும்போது புள்ளி குதித்தாலோ, ஓடும்போது புள்ளி அசையாமல் நின்றாலோ கருவியை நம்பக்கூடாது.

* திசைகாட்டி கட்டாயம் வேண்டும். கடைசியாக சரியாக காட்டிய இடம், நேரம், போகும் திசை ஆகியவற்றை அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தால், கருவி கைவிட்டாலும் வழி கைவிடாது.

* வி.எச்.எப். வயர்லெஸ் நேர்கோட்டில் போவதால் இந்த தொல்லை அதற்கு பெரும்பாலும் இல்லை. பக்கத்து படகை கூப்பிட்டு இடத்தை சரிபார்க்கலாம். ஆனால் செயற்கை கோள் போனும் தடுமாறலாம்.

* எல்லைக்கோட்டை ஒட்டி வலை விடுவதை, குறிப்பாக இருட்டியது முதல் நள்ளிரவு வரை தவிர்ப்பது நல்லது.

* முகத்துவாரத்திலும், பாறை உள்ள இடத்திலும் ஜி.பி.எஸ்.சை மட்டும் நம்பி இரவில் நுழையக்கூடாது. கரை விளக்கை பார்த்த பிறகுதான் சுக்கானை திருப்ப வேண்டும்.

சூரியன் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை உச்சத்துக்கு போகும். இப்போதைய சுற்று 2019-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. உச்ச கட்டத்தை எட்டி விட்டதாக 2024-ம் ஆண்டு அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் தாண்டிய பிறகும் பெரிய புயல்கள் வருவது வழக்கம். 2003-ம் ஆண்டு புயலும் உச்சம் கடந்து, இறங்கு முகத்தில் வந்ததுதான்.